கீழே விழாத தேநீர்

அலவி துப்பிய தேநீர் கீழே விழாமல் சமையலறையில் நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீட்டில் இது நடந்தது. இளம்பச்சை நிறம், கண்ணாடி போலத் தெளிவு. அவர் மனைவி ஸைனம்பு அதைச் சுற்றிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தாள்.

ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்ப்பது அலவியின் தொழில். உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, ஒரு தோட்டத்தின் உழைப்பு முழுவதையும் "கழுவின தண்ணி" என்று தீர்த்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். கல்யாணம் முடித்த மறுநாள் ஸைனம்பு கொடுத்த தேநீரைத் துப்பினார். அதன்பின் ஒவ்வொரு காலையும் துப்பினார். அவள் முதலில் அழுதாள், பிறகு சண்டை பிடித்தாள், கடைசியில் வாசலில் கிடக்கும் நனைந்த சப்பாத்தைப் பார்ப்பதுபோல அவரைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போனார்கள். துப்பல் மட்டும் ஓயவில்லை.

சீனாவுக்குத் துணி வாங்கப் போன அவளுடைய தம்பி ரிஸ்கான் ஒரு தகர டப்பா கொண்டுவந்தான். உள்ளே பச்சைத் தேயிலை. ஒவ்வொரு இலையும் விரலைவிட நீளம், இஸ்திரி போட்டதுபோலத் தட்டை, மேலே துணி நெசவின் தடம். அவன் சொன்னபடி ஸைனம்பு கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டு, உயரமான கண்ணாடிக் குவளையில் இலைகளை நிறுத்தி, ஓரமாக ஊற்றினாள். இலைகள் விரிந்து நெட்டாக நின்றன. பாலில்லை, சீனியில்லை. வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். விழுங்கிக் கொஞ்சம் கழித்துத்தான் தொண்டையிலிருந்து இனிப்பும் பூமணமும் ஏறிவரும்.

"கீரை அவிச்ச தண்ணியா இது?" என்று கேட்டு அலவி துப்பினார். அது நின்றுவிட்டது.

துணியால் துடைத்தார், துணி நனையவில்லை. மேல்மாடி சுபோதினி ஃபோனோடு ஓடிவந்தாள். வீடியோவில் அது பதியாததால் சலித்துக்கொண்டு திரும்பினாள். கட்டடக் கமிட்டிக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்து, குழாய்க் கசிவு என்று முடிவுகட்டினார்கள். அன்றிலிருந்து அலவி எங்கே எதைத் துப்பினாலும் அந்தரத்தில் நின்றது. ருசி பார்க்கும் கூடம் மத்தியானத்துக்குள் செம்பழுப்புத் திட்டுகளால் நிரம்ப, வாங்க வந்தவர்கள் நெற்றியில் இடித்துக்கொண்டார்கள். கம்பெனி அவரை லீவில் அனுப்பியது, திரும்பக் கூப்பிடவில்லை. அவருடைய நாக்குக்கு நடுங்கிய ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டிலும் துப்ப இடமில்லாமல் போனது. ஒருநாள் காலையில் அந்தப் பச்சைத் தேநீரோடு கன்னம் உப்ப அவர் அங்குமிங்கும் பார்த்தபோது ஸைனம்பு சொன்னாள்: "முழுங்குங்கொ."

விழுங்கினார். கதிரையில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தொண்டையிலிருந்து இனிப்பு ஏறிவர, அவர் முகம் மாறியது.

"இப்பிடியா ஈந்த இது?"

"முழுங்கினாத்தானே தெரியும்."

"நீ ஊத்தித் தந்த மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் குழாய்க்குள்ள போச்சு."

அவர் குவளையை நீட்டினார். "அதே இலைக்கு இன்னொருக்கா ஊத்தலாமாமே..."

"கேத்தல் அந்தா ஈக்கிது," என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, கிருலப்பனையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

நீர் ஆறும்வரை காத்திருக்கும் பொறுமை அலவிக்கு இல்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். இலைகள் வெந்து, மஞ்சளாகிச் சாய்ந்தன. குடல்வரை கசந்தது. அதையும் விழுங்கினார்.

ஒரு கிழமை கழித்து ஸைனம்பு வந்தபோது, அவர் அந்தரத்தில் நின்றவற்றுக்கு இடையில் பழக்கப்பட்டவர்போலக் குனிந்து நடந்து, தானே ஊற்றியதைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி ஈக்கிது?"

"நல்லாத்தான் ஈக்கிது," என்றார், கசப்பில் கண்ணில் நீர் முட்ட.

அவள் அதை நம்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனாள்.