கிளாரினெட் வரும் இடம்

இராஜபாளையத்தில் எங்கள் மில்லில் ஆறரைக்குச் சங்கு ஊதும். ஏழு மணிக்குள் பஞ்சுத் தூசி புருவத்தில் ஏறிவிடும். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதியில் பதினாறு மெஷின்கள். அவை ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. கையால் பேசுவோம். உள்ளங்கையைத் தட்டினால் ஓட்டு. கையை உயர்த்தினால் நிறுத்து. வீட்டுக்குப் போன பிறகும் எங்களில் பலருக்கு அதுதான் பேச்சு. காது பாதி போய்விட்டது.

1986 ஆனி மாதம் ஒரு காலையில் நாலாம் மெஷின் அடைத்துக்கொண்டது. உருளைகளை மூடும் கவர் அதற்கு இல்லை. கழற்றி மாட்ட நேரம் பிடிக்கிறது என்று சூப்பர்வைசர் ஞானதுரை முந்தைய மாதமே அதை ஓரமாக வைக்கச் சொல்லியிருந்தார். மலைச்சாமி அண்ணன் மெஷினை நிறுத்தி, வலது கையை உள்ளே விட்டுப் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சுவிட்சுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ஞானதுரை வந்து உள்ளங்கையைத் தட்டினார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் இடது கையை உயர்த்தியிருந்தார். ஞானதுரை மறுபடியும் தட்டினார்.

நான் சுவிட்சைப் போட்டேன்.

மூன்று விரல்கள் போயின. பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அன்று மதியமே கவரை மாட்டிவிட்டார்கள்.

நாங்கள் எட்டுப் பேர் ஒரு பேண்டு செட் வைத்திருந்தோம். எல்லோரும் அந்த மில்லில்தான் வேலை. அண்ணன் கிளாரினெட். ஐயாதுரை டிரம்பெட். நான் பெரிய டிரம். எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வாசிப்போம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் என்று யார் கத்தினாலும் எங்களுக்குக் கேட்காது. அண்ணன்தான் மேடையைப் பார்த்து நிற்பார். கிளாரினெட்டிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்துவார். அடிப்போம்.

அவருடைய மகள் பெத்தம்மாளுக்கு ஆவணியில் கல்யாணம். விபத்துக்கு முன்பே நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் வன்னியம்பட்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மண்டபம் பேசியிருந்தார்கள்.

ஆடிக் கடைசியில் மில் முதலாளி அண்ணனை வரச் சொன்னார். சைக்கிளில் நான் கூட்டிப் போனேன். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடியிருந்தார்.

முதலாளி எங்களை உட்காரச் சொன்னார். அது வழக்கமில்லை.

"மகளுக்குக் கல்யாணமாமே. மேளம் யாரு?"

"நம்ம செட்டுதான் மொதலாளி."

"கிளாரினெட்டு?"

அண்ணன் கைமேல் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

தன் வீட்டு விசேஷத்துக்கு வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் நாதஸ்வரக் கோஷ்டியை அனுப்புவதாக முதலாளி சொன்னார். இரட்டை நாயனம், இரட்டைத் தவில். செலவு அவருடையது. பிறகு ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். 'மெஷின் ஓடும்போது விதியை மீறி நானே கையை விட்டேன்' என்று அண்ணன் சொல்வதுபோல் அதில் எழுதியிருந்தது.

"என்னால எழுத முடியாது மொதலாளி."

"பெருவிரல் இருக்குல்ல. ரேகை போதும்."

அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளிடம் கேட்க வேண்டும் என்றார்.

"மேளம் எதுன்னு பொண்ணுட்டயா கேப்ப?"

"அவளுக்குத்தான கல்யாணம்."

வெளியே வந்ததும் ஞானதுரை என்னைத் தனியாக அழைத்தார். தொழிற்சங்கத்துக்காரர்கள் சாட்சி தேடுவதாகவும், யார் வாய் திறந்தாலும் சுவிட்சில் இருந்த கை என்னுடையதுதான் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது பெத்தம்மாள் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டும் வேலையிலிருந்து வந்திருந்தாள். முதலாளி பேசியதையெல்லாம் அண்ணன் சொன்னார். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த நாயனம் ஊதும்போது நான் எங்கய்யா பாப்பேன்? உங்க கையத்தான பாப்பேன்."

"சபை நிறைஞ்சு இருக்குமேத்தா."

"வேண்டாம். நம்ம செட்டு வரட்டும். கிளாரினெட்டு இல்லாட்டி இல்லாமப் போகுது." என்னைப் பார்த்தாள். "சித்தப்பா, டிரம்முக்கு நீங்க வந்திருவீகல்ல?"

தலையை ஆட்டினேன். நான்தான் சுவிட்சைப் போட்டேன் என்று அண்ணன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

முகூர்த்தம் காலை ஏழிலிருந்து எட்டரை. முதலாளியின் நாயனம் வேண்டாம் என்று அண்ணன் சொல்லியனுப்பியதும், எங்கள் செட்டில் யாருக்கும் அன்று லீவு கிடையாது என்று மில்லில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மீறிப் போகிறவன் மறுபடி கேட்டுக்குள் வர முடியாது. அன்று காலை நான் மில் பக்கம்தான் நடந்தேன். சங்கு ஊதியது. நின்றேன். பிறகு வீட்டுக்குத் திரும்பி, டிரம்மைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

மண்டப வாசலில் ஆறு பேரும் சட்டையெல்லாம் துவைத்துப் போட்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஐயாதுரை, "வாலே, ஒனக்கு மட்டும் முகூர்த்தம் எட்டரையா?" என்றான்.

கிளாரினெட் தனியாக வரும் பகுதியை யார் வாசிப்பது என்று பேச்சு வந்தது. டிரம்பெட்டில் எடுத்துவிடலாம் என்றான் ஒருவன். ஐயாதுரை மறுத்தான். அந்த இடத்தை யாரும் தொட வேண்டாம், விட்டுவிடுவோம் என்றான்.

அப்படியே வாசித்தோம். பல்லவி முடிந்ததும் கிளாரினெட் தனியாக வர வேண்டும். எல்லோரும் நிறுத்தினோம். எட்டு எண்ணிக்கை. பிறகு தொடர்ந்தோம். முதல் தடவை, தப்பு நடந்துவிட்டது என்று ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு நின்றது. மூன்றாம் தடவை பெத்தம்மாள் மணவறையில் குனிந்துகொண்டாள்.

அண்ணன் மேடையோரம் நின்றார். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பித் துண்டை விலக்கி, வலது கையை உயர்த்தினார். பெருவிரல். சுண்டுவிரல். நடுவில் ஒன்றுமில்லை.

அதே மாதிரி உயர்ந்த இன்னொரு கையைப் பார்த்தவன் நான்.

அடித்தேன். குச்சி நழுவும்வரை அடித்தேன். ஐயாதுரை என் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பந்தி முடிந்ததும் அண்ணனிடம் போனேன். எல்லோரும் கூட இருந்தார்கள்.

"சுவிட்சைப் போட்டது நான்தாண்ணே. கவரக் கழட்டச் சொன்னதும், ஓட்டச் சொன்னதும் ஞானதுரை. சங்கத்துல எழுதிக் குடுக்கேன்."

"போட்டது நீன்னு தெரியும்லே. நான் கை தூக்குனதப் பாத்தியா?"

இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தேன்.

"பாத்தேன்."

மண்டபத்தில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதையும் எழுது" என்றார்.

ஐயாதுரை கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன். ஓரமாகக் கிடந்த கவரைப் பார்த்தோம் என்று ஆறு பேரும் போட்டார்கள். அண்ணன் பெருவிரலை மையில் தேய்த்து ரேகை வைத்தார்.

சங்க ஆபீஸுக்குப் போக, மதிய பஸ்ஸில் இராஜபாளையம் திரும்பினோம். பஸ்ஸிலிருந்து இறங்கி மில்லைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். பெரிய கேட் மூடியிருந்தது. உள்ளே விடக் கூடாதவர்கள் என்று எங்கள் ஏழு பேரின் பெயர்களும் கரும்பலகையில் இருந்தன, சாக்பீஸில். வாட்ச்மேன் இருளப்பசாமி கம்பிகளுக்குள்ளிருந்து பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். உள்ளே ஷிப்ட் மாறும் நேரம். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. புருவமெல்லாம் பஞ்சோடு ஆட்கள் கேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

டிரம்மின் தோள்வாரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஐயாதுரை டிரம்பெட்டைத் துடைத்தான்.

அண்ணன் கேட்டுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்று, அந்தக் கையை உயர்த்தினார்.