ஏரிமேல் நின்ற பெட்டி

காலையிலிருந்து அந்த ரோப் கார் இரண்டு தரம் நின்று நின்று ஓடியது. மூன்றாம் தரம் நின்றபோது ட்ரீனாவும் அவளுடைய அக்கா கொரீனும் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டார்கள். கீழே ஏரி, மேலே ஃப்ளோரிடா வெயில், நடுவில் இவர்கள்.

மணி இரண்டே கால். இரண்டரைக்குக் கொரீனின் மகள் டெலனி பெரிய மேளத்தை மார்பில் மாட்டிக்கொண்டு, தன் பள்ளிக்கூட பேண்டு கோஷ்டியோடு அந்தக் கேளிக்கைப் பூங்காவின் தெருவில் அணிவகுத்துப் போகப் போகிறாள். ஒரே ஒரு தரம்தான் போவார்கள். அதைப் பார்க்கத்தான் ஒஹையோவிலிருந்து இரண்டு நாள் கார் ஓட்டி அக்காவைக் கொண்டுவந்திருந்தாள் ட்ரீனா.

கொரீன் இருப்பது சக்கர நாற்காலியில். பூங்காவுக்குப் பஸ்ஸில் போகலாமென்றால் ஒரு பஸ்ஸில் சக்கர நாற்காலி இரண்டுதான் ஏற்றுவார்கள். மூன்று பஸ் நிரம்பிப் போய்விட்டது. ரோப் காரில் தனி மேடை உண்டு, பெட்டி நின்று ஏற்றிக்கொள்ளும், நாற்காலியை அப்படியே தள்ளிவிடலாம் என்று விளம்பரத்தில் வாய் கிழியச் சொல்லியிருந்தார்கள். தள்ளலாம்தான். அது ஓடினால்தானே!

ஒலிபெருக்கி கரகரத்தது. சக்கர நாற்காலிப் பயணி ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறாராம், பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

"எவடீ அவ, நேரங்காலம் தெரியாம?" என்று வெடித்தாள் கொரீன். "நடக்க முடியாதவ வீட்டுல கிடக்க வேண்டியதுதானே!"

ட்ரீனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா, இப்ப பேசினது யாரு?"

"நாந்தான். நான் ஏறறப்ப எனக்குப் பின்னாடி நின்னவங்க அத்தனை பேரும் இதத்தானே முணுமுணுத்தாங்க? நானும் ஒரு வாட்டி சொல்லிப் பாக்கறேன். நல்லாத்தான் இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். பத்து நிமிஷத்தில் காரணம் மாறியது. இயந்திரக் கோளாறாம். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நரம்பு நோயில் கொரீனுக்குக் கால் விளங்காமல் போயிற்று. புருஷன் அடுத்த வருஷமே கம்பி நீட்டிவிட்டான். அன்றிலிருந்து கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை என்று தூக்கி வைப்பது ட்ரீனாதான். அலுத்துப்போயிற்று அவளுக்கு. வெளியே சொன்னால் பாவம், சொல்லாவிட்டால் இடுப்பு வலி.

தூரத்தில் மேளம் கேட்டது.

கொரீனின் முகம் ஏரியைப் பார்த்து இருந்தது, பூங்கா அவள் முதுகுப்பக்கம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தான் மேடை ஆள், அந்த இடுக்கில் நாற்காலியைத் திருப்பவும் வழியில்லை.

"நீ பாருடீ. பாத்துச் சொல்லு."

எதிர்ப்பலகையில் இருந்த ட்ரீனா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "செவப்பா ஒரு வரிசை போகுதுக்கா. எறும்பு மாதிரி."

"மேளம்?"

"தெரியலையே."

கொரீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. ட்ரீனாவுக்குப் பொறுக்கவில்லை. அக்காவின் அக்குளுக்குள் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி, அரைவட்டம் திரும்பி நின்றாள். பெட்டி ஆடியது. அக்காவின் தாடை அவள் தோளில் பதிந்தது. இப்போது ஏரியைப் பார்ப்பது ட்ரீனாவின் முறை.

"தெரியுதா?"

"ம்."

பாரம் தாங்காமல் ட்ரீனாவின் தொடை வெடவெடத்தது. மேளச் சத்தம் மெல்லத் தேய்ந்தது.

"போயிட்டாங்களாக்கா?"

"இன்னும் கொஞ்சம் பிடிடீ."

பிடித்தாள். பெட்டி நகர்ந்த பிறகுதான் இறக்கி வைத்தாள்.

இறங்குமிடத்தில் டெலனி சிவப்புச் சட்டை நனைய ஓடிவந்தாள். "அம்மா! பாத்தியா? எங்க நின்ன?"

"மேலேருந்து பாத்தேன். ஒரு அடி பிசகல, போ!"

பெண் துள்ளிக்கொண்டு கூட்டாளிகளிடம் ஓடினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டே ட்ரீனா கேட்டாள். "எனக்கும் சொல்லேன், எப்படி இருந்தா?"

"எனக்கென்ன தெரியும்? நீ என்னத் திருப்பறதுக்குள்ள எல்லாரும் கட்டடத்துக்குப் பின்னாடி போயிட்டாங்க. கூரைதான் தெரிஞ்சுது."

ட்ரீனா அப்படியே நின்றுவிட்டாள். "அடிப்பாவி அக்கா! இங்க என் இடுப்பு ஒடியுது. அப்பவே சொன்னா என்ன?"

"சொன்னா இறக்கி வச்சிருவ." கொரீன் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ஒம்பது வருஷமா தூக்கற, வைக்கற. ஒவ்வொரு வாட்டியும் மூணு நொடி, அவ்வளவுதான். இவ்வளவு நேரம் என்னை யாரும் பிடிச்சுக்கிட்டு நின்னதில்லடீ."

பின்னால் வந்தவர்கள் வழியை விடச்சொல்லி முனகினார்கள். அவள் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு நடுவழியில் நின்று அழுதாள்.