ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்?

என் மனைவி ஹில்டா ஆவடியில் ஒரு வேலைவழிகாட்டி மையத்தில் உளவியலாளராக இருந்தாள். பள்ளி முடித்த பிள்ளைகளோடு பேசி, யாருக்கு எந்தப் படிப்பு பொருந்தும் என்று சொல்வாள். சனிக்கிழமை மாலையில் அவளும் உடன் வேலை பார்த்த பார்த்தசாரதியும் கரையான்சாவடியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அந்த வாரம் நன்றாகச் செய்ததாக நினைக்கும் ஒன்றைச் சொல்லிக்கொள்வார்கள்.

"சொதப்பினது நமக்கே தெரிஞ்சிடும். பெருமையா நினைக்கிறதைத்தான் இன்னொருத்தர் கிளறணும்" என்பாள். டீ போடுவது நான்.

எண்பத்தெட்டு ஜூனில் அவள் சொன்னது சாமுண்டீஸ்வரியைப் பற்றி. பத்தாவது முடித்தவள், கணக்கில் கெட்டி. அப்பா கஜபதி தொழிற்சாலை கேன்டீனில் வேலை.

"ஓய்வு நேரத்துல என்ன செய்வேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னா. எதிலயும் நாட்டமில்லை. டைப்ரைட்டிங் சேருங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"உன் பத்தாவது லீவுல நீ என்ன பண்ண?" என்றார் பார்த்தசாரதி.

"சர்ச்சுல ஆர்கன் கத்துக்கிட்டேன்."

"வீட்டுக்குத் தண்ணி யார் எடுத்தா?"

"வேலைக்கு வந்த தாயம்மாள்."

"அவகிட்ட இதே கேள்வியைக் கேட்டிருந்தா?"

ஹில்டா டம்ளரைக் கீழே வைத்தாள். "பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்கு என்னைக்குக் கடைசி?"

"திங்கள்."

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் என் ஸ்கூட்டரில் சாமுண்டீஸ்வரி வீட்டுக்குப் போனோம். அவள் குடத்தோடு குழாயடியில் நின்றாள்.

"அன்னிக்கு நான் தப்பாக் கேட்டுட்டேன்மா. அக்கம்பக்கத்துல எதுக்கு உன்னைக் கூப்பிடுவாங்க?"

"ஃபியூஸ் போனா. அயர்ன் பாக்ஸ் சுடலைன்னா. பக்கத்து ஊட்டு ஃபேனைக்கூட நான்தான் கழட்டி மாட்டுனேன்."

"ஏன் சொல்லலை?"

"ஓய்வு நேரத்துலன்னு கேட்டீங்க. அது வேலையாச்சே மேடம்!"

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கலாம் என்று ஹில்டா சொன்னதைக் கேட்டு கஜபதி ஓடி வந்தார். "இன்னா மேடம், கரண்ட் புடிச்சிக்கும்னு நான் கத்திகினு கீறேன், அதையே படிக்கச் சொல்றீங்களே!"

"படிச்சா பிடிக்காது அண்ணே" என்றாள் ஹில்டா. அவர் சிரித்துவிட்டார். திங்களன்று எலக்ட்ரிகல் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போனது, இடமும் கிடைத்தது.

ஹில்டா இறந்த பிறகும் பார்த்தசாரதி சனிக்கிழமை வருகிறார். அந்த வாரம் நன்றாகச் செய்ததை என்னிடம் சொல்கிறார். நான் டீயைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையின் வீட்டில் தண்ணீர் யார் எடுக்கிறார்கள் என்று கேட்கிறேன்.