உங்களோட வலது

அந்த வீட்டில் எல்லோரும் பல்லால்தான் உடம்பு தேய்த்துக் குளித்தார்கள். சோப்புப் பல். வீட்டின் மகள் சோப்புக் கட்டியில் செதுக்கிப் பழகும் கடைவாய்ப் பற்களில் சரியாக வராதவை குளியலறைக்குப் போய்விடும். நன்றாக வந்தவை அவளுடைய அலமாரியில் வரிசையாக நிற்கும். குளியலறைக்குத்தான் வரத்து அதிகம்.

"முதுகு தேய்ச்சா குத்துதுடி," என்பாள் அம்மா.

"பல்லுன்னா கடிக்கத்தானே செய்யும்," என்பார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

அண்ணன் அவளைப் பல்லி என்று கூப்பிட ஆரம்பித்து வெகுகாலமாயிற்று. பல் டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று அவள் வாயைத் திறந்த அன்றே வைத்த பெயர். அப்போது அதில் கேலி இருந்தது. இப்போது கேலி தேய்ந்துபோய் வெறும் பெயராக நின்றுவிட்டது. அவளும் அந்தப் பெயருக்கு ஏற்றாற்போல், சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் காத்திருக்கும் ஜீவனாகவே ஆகியிருந்தாள். இரண்டு முறை விண்ணப்பித்தாள், இரண்டு முறையும் இல்லை என்று வந்துவிட்டது. மூன்றுக்கு மேல் அந்தக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கமாட்டார்கள். அவளுடைய மார்க்கை வைத்துக்கொண்டு தட்டக்கூடிய கதவு வேறு கிடையாது. அங்கே மட்டும்தான் மார்க்கோடு கைவேலைக்கும் ஒரு தேர்வு வைத்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

மார்க்கோ பல்லை இளித்தது. உயிரியல் சுமார். வேதியியல் மோசம். இயற்பியலைப் பற்றிப் பேசாமலிருப்பதுதான் மரியாதை. இத்தனைக்கும் அவள் படிக்காமல் இல்லை. கூடப் படித்தவர்களைவிட அதிக நேரம் உட்கார்ந்து படித்தாள். படித்ததெல்லாம் உள்ளே போய் எங்கோ ஒரு மூலையில் குந்திக்கொள்ளும். பரீட்சை அன்றைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதற்குக் காரணம் என்ன என்று பல வருஷங்களாக யோசித்துவிட்டாள். ஒன்றும் அகப்படவில்லை.

பகலில் ஒரு பல் க்ளினிக்கில் ரிசப்ஷனிஸ்டாக இருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை போன். வலிக்கிறவர்கள், வலி நின்றுபோனதால் வரமாட்டேன் என்கிறவர்கள், பாதிப் பல்லோடு காணாமற்போய் ஆறு மாதம் கழித்துக் கோபமாகக் கூப்பிடுகிறவர்கள். பேசிப் பேசி அவளுக்குத் தன் குரலே அலுத்துவிட்டது. உள்ளே டாக்டரின் அறையில் அப்படியில்லை. அங்கே வந்து சாய்ந்ததும் மனிதர்கள் பேச்சை விட்டுவிடுவார்கள். வாயைத் திறந்தபடி பேச முடியாதல்லவா. கதவு திறந்து மூடும் இடைவெளியில் அந்த அமைதி ஒரு கீற்றுப் போல வெளியே வரும். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். அந்த அறைக்குள் நின்று, ஒரு பல்லுக்கு முன்னால் குனிந்து, யாரும் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம். ஆனால் இதை விண்ணப்பத்தில் எழுத முடியுமா? மக்களுக்குச் சேவை செய்யும் ஆர்வம் என்று எழுதியிருந்தாள்.

நன்றாக வந்த சோப்புப் பல் ஒன்றை ஒரு நாள் டாக்டரிடம் காட்டினாள். அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அசல் கடவாப்பல்லும்மா. ஒரு சொத்தையை மட்டும் வெச்சிருந்தா நானே அடைச்சிருப்பேன்," என்றார்.

அன்று அவளுக்கு வயிற்றில் கொஞ்சம் சோறு இறங்கியது.

தேர்வுக்கு முந்தின நாள் சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பித்தான்.

"செதுக்கறது இருக்கட்டும் பல்லி. அப்புறம் இன்டர்வியூல மார்க் ஏன் இப்படின்னு கேப்பாங்களே, என்ன சொல்லப்போற?"

"தெரியல."

"தெரியலன்னு சொன்னா சீட்டைத் தூக்கியா குடுப்பாங்க? அப்பாவுக்கு அப்ப உடம்பு முடியாம இருந்துச்சுன்னு சொல்லு."

அப்பா சாப்பாட்டை நிறுத்தினார். "எனக்கு என்னடா?"

"நெஞ்சுவலி."

"எனக்கு நெஞ்சுவலி வந்தப்ப நீ எங்கடா இருந்த?"

"நான்தானே உங்களைத் தூக்கிட்டு ஓடினேன்."

"தூக்குற மூஞ்சியப் பாரு. தண்ணிக் குடத்தையே ரெண்டு தடவை இறக்கி வெச்சுத்தான் தூக்குவ."

"கல்லு மாதிரி இருக்கிற மனுஷனை எதுக்குடா படுக்கப் போடுற?" என்றாள் அம்மா. பிறகு மகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா சொல்றதுன்னா சொல்லிடு. அவருக்கு ஒண்ணும் ஆயிடாது," என்றாள்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு நெஞ்சுவலியைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. சொல்வதற்கு ஏதாவது ஒன்று கையில் இருப்பது நல்லது.

தேர்வு நடந்தது ஒரு நீளமான ஆய்வுக்கூடத்தில். ஆளுக்கொரு சோப்புக் கட்டி, ஒரு சின்னக் கத்தி, ஒரு அளவுகோல். கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள்: கீழ்த்தாடை, வலது, முதல் கடைவாய்ப் பல். அவளுக்கு மூச்சு வந்தது. அவள் கரைத்துக் குடித்திருந்த பல் அது. அவளுடைய சொந்தப் பல். வீட்டில் இருந்த அத்தனை வாயிலும் சொத்தை விழாத கடைவாய்ப் பல் அது ஒன்றுதான். அறைக் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்று, பார்த்துப் பார்த்துச் செதுக்கிப் பழகியிருந்தாள்.

கை தானாக ஓடியது. கன்னத்துப் பக்கம் மூன்று மேடு, நாக்குப் பக்கம் இரண்டு. கன்னத்துப் பக்கத்து மூன்றில் ஓரமாக இருப்பது சிறியது. நடுவில் பள்ளங்கள். சுற்றிலும் இருந்தவர்களின் இருமலோ, கத்தி கீழே விழும் சத்தமோ அவள் காதில் ஏறவில்லை. அவள் ஆசைப்பட்ட அந்த அறைக்குள் அப்போதே இருந்தாள்.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நேரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. சும்மா இருக்க முடியாமல் நாக்கின் நுனியால் தன் பல்லைத் தடவினாள். அந்தச் சின்ன மேடு நாக்குக்கு எட்டியது. பின்னால், தொண்டைப் பக்கமாக இருந்தது. கையிலிருந்த சோப்புப் பல்லை வலது கன்னத்தோரம் தூக்கி, கன்னப் பக்கத்தை வெளியே வைத்துப் பிடித்தாள். அதில் அந்தச் சின்ன மேடு முன்னால், உதட்டுப் பக்கமாக இருந்தது.

திருப்பிப் பிடித்தாள். அப்போது கன்னப் பக்கம் உள்ளே போய்விட்டது. எப்படிப் பிடித்தாலும் ஏதாவது ஒரு பக்கம் இடித்தது. இடது கன்னத்துக்குக் கொண்டுபோனாள். கச்சிதமாகப் பொருந்தியது.

கண்ணாடி. கண்ணாடி காட்டியதை அப்படியே செதுக்கியிருக்கிறாள். கண்ணாடிக்குள் இருந்தவளின் வலது பல், வெளியே எடுத்தால் இடது பல். இத்தனை மாதமும் இடது பல்லைத்தான் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா பார்த்தாள், அண்ணன் பார்த்தான், டாக்டரே பார்த்தார். எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் அது அப்பழுக்கில்லாத பல்.

மணி அடித்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அழுகை வரவில்லை. சோப்புச் சீவல்களை ஒரு பக்கமாகக் கூட்டிவிட்டுப் பல்லை மேசையில் வைத்தாள்.

மதியத்துக்கு மேல் இன்டர்வியூ. மேசைக்குப் பின்னால் இருவர். ஒரு பெண்மணி அவளுடைய கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வயதான பேராசிரியர், அவளுடைய சோப்புப் பல்லை உள்ளங்கையில் உருட்டியபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவை," என்றார் பெண்மணி.

"ஆமா மேடம்."

"இந்த மார்க்குக்கு ஏதாவது காரணம் இருக்கா? வீட்டுல பிரச்சினை, உடம்பு சரியில்லாம… அந்த மாதிரி?" பரிவாகத்தான் கேட்டார். கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்பது போல இருந்தது.

நெஞ்சுவலி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த நாக்குதான் சற்று முன்பு அவளைக் காட்டிக் கொடுத்திருந்தது. அது இப்போது எதற்கும் புரளமாட்டேன் என்று படுத்துக் கிடந்தது.

"இல்ல மேடம். எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. படிச்சேன். வரல."

பெண்மணி பேனாவை மூடினார். பேராசிரியர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"இது எந்தப் பல்லு?"

"இடது சார்."

"நாங்க கேட்டது?"

"வலது. என் பல்லைக் கண்ணாடியில பாத்துப் பழகினேன் சார். அது மாத்திக் காட்டியிருக்கு. செஞ்சு முடிச்சப்புறம் நாக்கை வெச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சது."

சுவர்க் கடிகாரம் மட்டும் தன் வேலையைப் பார்த்தது. மற்றவர்களென்றால் அந்த இடைவெளியை எதையாவது சொல்லி அடைத்திருப்பார்கள். அவள் அடைக்கவில்லை. சோர்ந்து போயிருந்தவளுக்கு அதில் சற்றுச் சாய்ந்துகொள்ள முடிந்தது.

"இங்க அஞ்சு வருஷம் படிக்கணும்மா," என்றார் பேராசிரியர் கடைசியில். "உனக்கு வராத அதே பாடம்தான், இன்னும் தடிமனா இருக்கும்."

"தெரியும் சார். இந்தப் பல்லுல தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன். இனிமே இந்தத் தப்பைப் பண்ணமாட்டேன். படிப்புல எங்க தப்புன்னு இன்னும் பிடிபடல. தேடிட்டுத்தான் இருக்கேன்."

அவர் தலையாட்டினார். நல்லது என்பதற்கா, போகலாம் என்பதற்கா என்று தெரியவில்லை. சோப்புப் பல்லைத் திருப்பித் தரவும் இல்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நெஞ்சுவலியைச் சொன்னியா?"

"இல்லம்மா."

"போச்சு," என்றான் அண்ணன்.

"எனக்கு இப்பதான் லேசா வலிக்கிற மாதிரி இருக்கு," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

சில வாரங்கள் கழித்து, காத்திருப்போர் பட்டியலில் வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. இல்லை என்றும் இல்லை, உண்டு என்றும் இல்லை. அவளுக்குப் பழகிய இடம்தான். வகுப்புகள் தொடங்கும் தேதியும் நெருங்கியது. அலமாரியில் நின்ற நல்ல பற்களையெல்லாம் ஒன்றொன்றாகக் குளியலறைக்கு அனுப்பினாள். அம்மா அவற்றைச் சோப்புப் பெட்டியில் அடுக்கினாள்.

ஒரு காலை, க்ளினிக்கில் காத்திருப்பவர்கள் நிறைந்திருந்த நேரம். போன் அடித்தது. விண்ணப்பத்தில் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தாள், நாள் முழுக்க இருக்கும் இடம் அதுதானே.

"ஒருத்தர் சேரலைன்னுட்டார்," என்றது கல்லூரி அலுவலகத்துக் குரல், பஸ் தாமதம் என்று அறிவிக்கும் தொனியில். "அந்த இடம் உங்களுக்கு வருது. வேணுமா, வேண்டாமா? இப்பவே சொல்லிடுங்க, வேண்டாம்னா அடுத்தவங்களைக் கூப்பிடணும்."

அந்த நொடியில் இரண்டாவது லைனின் விளக்கு சிவப்பாகத் துடித்தது.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டாள். வாய்ப் பழக்கம். அழுத்திய பிறகுதான் யாரைக் காக்கவைத்தோம் என்பது உறைத்தது. அதற்குள் இரண்டாவது லைனில் ஒரு மனிதர் முனகிக்கொண்டிருந்தார்.

"பல்லுங்க… உயிரு போகுதுங்க."

"எந்தப் பக்கம்?"

"கீழ… இருங்க, கண்ணாடியில பாத்துச் சொல்றேன்."

"கண்ணாடி வேண்டாங்க," என்றாள். குரல் சற்று உயர்ந்துவிட்டது. "நாக்கை வெச்சுப் பாருங்க. எந்தக் கைப் பக்கம் வலிக்குது?"

"சோத்துக் கைப் பக்கம்."

"அப்ப உங்களோட வலது. அதுதான் கணக்கு. பதினொரு மணிக்கு வந்துடுங்க."

முதல் லைன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். அதற்கு இடம் ஒதுக்கி வைத்துப் பல வருஷங்களாயிற்று. வந்தது என்னவோ அலுப்புதான். ஐந்து வருஷம், அதே வேதியியல், மூலையில் போய்க் குந்திக்கொள்ளும் அதே பாடங்கள். உள்ளே டாக்டரின் கதவு திறந்து, அந்த அமைதி ஒரு கீற்று வெளியே வந்து, மூடிக்கொண்டது.

பொத்தானை அழுத்தினாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றது எதிர்க்குரல், சலிப்போடு. "சொல்லுங்க."

"சேர்றேன்."

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

"சேர்றேங்க!" என்றாள்.

அத்தனை சத்தமாக அவள் அந்த அறையில் பேசியதில்லை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், தன்னைத்தான் கூப்பிட்டுவிட்டார்கள் என்று எண்ணி எழுந்து நின்றார்.

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"உட்காருங்க," என்றாள் அவரிடம். "இன்னும் கொஞ்ச நேரமாகும்."