ரெண்டு டம்ளர் தண்ணி

காலையில் எழுந்ததும் வேலுத்தாய் ஒரு செங்கல் துண்டை எடுத்துவைத்துக்கொண்டு கையைத் தேய்க்க உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் மருந்து நிரப்புகிற கை. அலுமினியப் பொடி நகக்கண்ணில் இறங்கி வெள்ளி பூசினாற்போல் நிற்கும். எந்தச் சோப்புக்கும் அசையாது.

“ஏம்மா தோல உரிக்க?” என்றாள் மகள் மாரிசெல்வி.

“வெளிநாட்டுக்காரருக்கு எங்கையாலதானட்டி தண்ணி குடுக்கணும்?”

வருகிறவர் லார்ஸ், ஸ்வீடன் நாட்டுப் போதகர். போன வருஷம் எம். புதுப்பட்டியில் கம்பெனி வெடித்தபோது இந்தத் தெருவுக்குத் தையல் மெஷின் அனுப்பிய சபையின் ஆள். அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் அய்யாதுரை. சிவகாசியில் ஜெபவீடும் பள்ளிக்கூடமும் நடத்துகிறவர். ‘யெஸ்’, ‘தேங்க் யூ’ தாண்டி அவருக்கு இங்கிலீஷ் ஓடாது. அதனால்தான் மாரிசெல்வி. தெருவிலேயே முதல் பி.ஏ., அதுவும் இங்கிலீஷ். இன்றைக்கு மொழிபெயர்ப்பை நல்லபடியாக முடித்துக்கொடுத்தால் ஜூன் மாசத்திலிருந்து டீச்சர் வேலை என்று சொல்லியிருந்தார் அய்யாதுரை. அந்த வேலை கிடைத்துவிட்டால் அம்மா மருந்து ரூமுக்குள் கால் வைக்கவேண்டாம். மாரிசெல்விக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வெளிநாட்டுக்காரருக்குப் பச்சைத் தண்ணி ஒத்துக்காது என்று அம்மாவிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள். வேலுத்தாய் கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணி போட்டு மூடி, புது எவர்சில்வர் டம்ளர் ரெண்டு வாங்கி வைத்திருந்தாள்.

பத்து மணிக்கு சுமோ வந்து நின்றது. வேலுத்தாய் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. தெருவே கூடியிருந்தது. லார்ஸ் பேசுகிற இங்கிலீஷ், ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்த்துக் கீழே வைப்பது மாதிரி நிதானமாக வந்தது. அவருக்கும் அது படித்து வாங்கிய பாஷைதானே. ‘ஒன்னோட இங்கிலீஷுல வெடிமருந்து வாடை அடிக்குது’ என்று சிரித்த விருதுநகர் காலேஜ் பிள்ளைகள் இப்போது பார்க்கணும் என்று நினைத்துக்கொண்டாள் மாரிசெல்வி.

வேலுத்தாய் தட்டில் ரெண்டு டம்ளரோடு வந்தாள். லார்ஸ் கையை நீட்டப்போனார். அய்யாதுரை சட்டென்று தன் வயிற்றைப் பிடித்து முகத்தைச் சுளித்துக் காட்டி, விரலை ஆட்டினார். லார்ஸ் தலையை ஆட்டி, சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்து வேண்டாம் என்றார்.

“ஐயா இன்னைக்கி உபவாசம். நானுந்தான்” என்றார் அய்யாதுரை.

“உபவாசமாம்ல!” என்றாள் பக்கத்து வீட்டுப் பாலம்மாள். “ஆமத்தூர் விலக்கு டீக்கடையில ரெண்டு பேரும் வடையும் டீயுமா நின்னீகளே, பஸ்ஸுல வந்த நானு பாத்தேனே.”

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கீழத்தெருவுக்கு இந்த ‘வேண்டாம்’ புதுசில்லை. மேலத்தெரு ஆட்கள் ஓட்டுக் கேட்க வந்தாலும், வேலைக்கு ஆள் கூப்பிட வந்தாலும் நின்றுகொண்டே பேசுவார்கள். தண்ணி என்றால் ‘இப்பத்தான் குடிச்சேன்’ என்பார்கள். எத்தனை விதமாகச் சொன்னாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

வேலுத்தாய் தட்டைத் திண்டில் வைத்துவிட்டுக் கை ரெண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். “நல்லாத்தாம்ட்டி தேச்சேன். போகல” என்றாள் மகளிடம், காதோடு.

மாரிசெல்வி ஜூன் மாசத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

லார்ஸ் பேச ஆரம்பித்தார். வெடித்த நாளைச் சொன்னார், செத்தவர்களுக்காக ஜெபித்தார். அவள் சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு அவர் கையை அகல விரித்துக்கொண்டு, கடவுள் முன்னால் உயர்ந்தவர் தாழ்ந்தவர் இல்லை, எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள் என்றார்.

மாரிசெல்வி அம்மாவின் முந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, சொல்லு” என்றார் அய்யாதுரை.

“இத என்னால சொல்ல முடியாது.”

லார்ஸ் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கொட்டினாள். “ஐயா, இந்த வார்த்தையை நான் சொன்னால் என் தெரு நம்பாது. இங்கே எங்களைத் தாழ்வாக நினைக்கிறவர்கள்தான் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நீங்களும் குடிக்கவில்லை. என் அம்மா, தன் கை அழுக்கு என்று நினைத்துக் கையை மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.”

லார்ஸின் முகம் சிவந்துபோனது. “அவர் வயிற்றைக் காட்டினார். தண்ணீர் கெட்டது என்று நினைத்தேன்.”

“கொதிக்கவைத்த தண்ணீர். நீங்கள் கேட்டிருக்கலாம். கேட்கத்தானே நான் பக்கத்தில் நிற்கிறேன்?”

லார்ஸ் வேலுத்தாயிடம் போய் ரெண்டு கையையும் நீட்டி நின்றார். அவள் மகளைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பிறகு முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து டம்ளரைக் கொடுத்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

“நெசமாத்தான் குடிக்காருடி!” என்று யாரோ கத்தினார்கள்.

லார்ஸ் இன்னொரு டம்ளரை எடுத்து அய்யாதுரையிடம் நீட்டினார். அய்யாதுரை அதைத் தொடவில்லை. பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“ஏன் இவர் குடிக்கவில்லை?” என்று லார்ஸ் மாரிசெல்வியைக் கேட்டார்.

“ஏன் குடிக்கலன்னு கேக்காரு” என்றாள் அவள் அய்யாதுரையைப் பார்த்து. “அவரு வயித்துக்குப் பயந்தாரு. நீங்க எதுக்குப் பயப்படுறீக? நீங்களே சொல்லுங்க சார். ஒரு சொல்லு விடாம அப்படியே அவருகிட்ட சொல்றேன்.”

அய்யாதுரை குரலைத் தாழ்த்தினார். “ஜூன் மாசத்த மனசுல வச்சுப் பேசு.”

“இதச் சொல்லவா?”

அய்யாதுரை திரும்பி நடந்தார். சுமோவுக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கண்ணாடி மேலே ஏறியது.

“வேலை போச்சாட்டி?” என்றாள் வேலுத்தாய்.

“போச்சும்மா.”

வேலுத்தாய் சுமோவைப் பார்த்தாள். மருந்து ரூம் இன்னும் எத்தனை வருஷத்துக்கோ. ஆனாலும் கையை அவள் மறுபடி மறைக்கவில்லை. லார்ஸிடமிருந்து அந்த ரெண்டாவது டம்ளரை வாங்கி மகளிடம் நீட்டினாள். “இந்தா, நீ குடி. அம்புட்டுப் பேசியிருக்க, தொண்ட காஞ்சிருக்கும்.”

மாரிசெல்வி மடக்மடக்கென்று குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“எந்த இடத்தில் நிறுத்தினோம்?” என்று கேட்டார் லார்ஸ்.

அவள் சுமோவைப் பார்த்து நின்றுகொண்டாள். ஏற்றின கண்ணாடியையும் தாண்டிப் போய் விழுகிற மாதிரிச் சொன்னாள்.

“கடவுள் முன்னால மேலத்தெரு கெடையாது, கீழத்தெரு கெடையாது. எல்லாரும் ஒரே பந்தி!”

“ஏட்டி, மேலத்தெருன்னா சொன்னாரு அவரு?” என்றாள் பாலம்மாள்.

“அவரு சொன்னதுக்கு நம்ம ஊருல அதாம் அர்த்தம், சித்தி.”