குளோவர் முளைக்காத இடம்

ஓரிக்கையில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்கப் பச்சையாகிவிட்டது, ஒரு இடத்தைத் தவிர. மதில் ஓரம் தொடங்கி, ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு, வெறும் மண்ணாகவே கிடந்தது.

திரிஷாதான் விதைத்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள், சும்மா இருக்கிறாளா? மூன்று மூன்று இலையாக விட்டுத் தரையோடு தரையாகப் படருமாம், குளோவராம். போனில் பார்த்து விதைக்கு ஆர்டர் போட்டுவிட்டாள். "புள்ள தவழ மெத்துனு இருக்கும்மா. புழுதியும் பறக்காது" என்றாள். நம்ம ஊர் வெயிலுக்கு இது ஒரு கேடா என்று கத்தினேன். மார்கழிப் பனிக்கு அது முளைத்து என் வாயை அடைத்துவிட்டது.

வெற்று இடத்தில் மறுபடி விதைத்தாள். முளைத்ததெல்லாம் நுனி கருகிச் செத்தது. "விதை சொத்தையா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர் சத்யராஜ். மதிலுக்கு அந்தப் பக்கமிருக்கும் சாயப்பட்டறையில்தான் அவருக்கு வேலை. பட்டறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் எரிந்து விழுவார்.

அடுத்த வாரம் அந்த வெறும் மண் நீண்டிருந்தது. பச்சையைத் தின்றுகொண்டே நேராக எங்கள் போர்வெல் குழாயைப் பார்த்து வந்தது. குழாயைச் சுற்றியிருந்த இலைகள் பழுத்துப்போயிருந்தன. வந்த நாளிலிருந்து திரிஷா அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

அவரை இழுத்துவந்து காட்டினேன். சலித்துக்கொண்டே ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பட்டு இழை ஒன்றை எடுத்து அதில் முக்கினார். எங்கள் தெருவில் தண்ணீரை இப்படித்தான் பார்ப்பார்கள். இழையில் சாயம் ஏறாவிட்டால் தண்ணீர் நல்லது.

"பாரு, வெள்ள வெளேர்னு இருக்குது. சும்மா பயந்துக்கினு கெடக்கற."

"சாயத்தோட ஆசிட்டும் ஊத்தறீங்களே, அதுக்கு இன்னா கலரு?"

அவர் இழையை உதறி மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"அவ்ளோ நல்ல தண்ணின்னா நீ குடிய்யா."

டம்ளரை வாய்வரை கொண்டுபோனார். உதட்டில் வைக்கவில்லை. தினமும் தன் கையால் ஆசிட்டை அள்ளி ஊற்றுகிற மனிதர், அவருக்குத் தெரியாததா? கை மெல்லத் தாழ்ந்தது. பாவி மனிதா என்று நெஞ்சு கொதித்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"அம்மா, டேங்க்ல தண்ணி இல்ல. மோட்டார் போடறேன்" என்று உள்ளிருந்து திரிஷா குரல் கொடுத்தாள். நாங்கள் வாய் திறப்பதற்குள் குழாய் அதிர ஆரம்பித்தது.