ராஜபார்ட் மடியில் ஒரு குழந்தை

தள்ளி நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் விஜயலக்ஷ்மி மருமகள் மாளவிகாவோடு மியூசியத்துக்கு பஸ் ஏறினாள். மேடையில் ராஜவேஷம் கட்டி ஊரையே ஆட்டிவைத்த கோமதிவடிவின், யாரும் பார்த்திராத வீட்டுப் படங்கள். கோமதிவடிவு அவளைப் பெற்றவள். இரண்டு வயதில் மலையாளச் சீமையில் கரமனை அக்கிரகாரத்தில் பிள்ளையில்லாத ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். விஜயலக்ஷ்மியைக் கட்டிய புருஷன்கூட அது தெரியாமலே போய்ச் சேர்ந்தார். தெருவுக்குத் தெரிந்தால் என்ன பேசும் என்று சொல்லவா வேண்டும்?

கடைசிப் படத்தின் முன்னால் அவளுக்குக் கால் நகரவில்லை. வேஷம் கலைக்காத தாயின் மடியில் குழந்தை; தாயின் ஒட்டுமீசையைப் பிய்த்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறது. கீழே அட்டையில், ‘இக்குழந்தை இரண்டு வயதில் இறந்தது.’ யாரும் தேடி வந்துவிடக் கூடாதென்று பெற்றவளே கிளப்பிவிட்ட பேச்சு அது. திறப்பு விழாவுக்கென்று படத்துக்கு மாலை வேறு போட்டிருந்தார்கள்.

உயிரோடு நிற்கிறவளுக்கு மாலை!

மாளவிகா மொபைலில் படத்தைப் பெரிசாக்கினாள். “அம்மா, இந்தக் குழந்தையப் பாருங்கோ. என் பொண்ணு மீனுவோட அதே மூக்கு! குரூப்ல போடட்டா?”

“வேண்டாம்டீ. வா, ஆத்துக்குப் போலாம்.”

“உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்கறது?”

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். மாலை குழந்தையின் கழுத்தை நெரிப்பதுபோல் கிடந்தது. விடுவிடென்று வந்து அதில் கை வைத்துவிட்டாள்.

“அம்மே, தொடல்லே, தொடாதீங்க!” மியூசியத்தில் வேலை பார்க்கும் ரெம்யா மலையாளம் கலந்த தமிழில் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. “மரிச்சவங்களுக்குப் போட்ட மாலையாக்கும். மந்திரி இப்ப வந்துருவாரு.”

“பெரியவளுக்குப் போடு, நான் வேண்டாங்கல. குழந்தைக்குப் போடாதே.”

“குழந்தையும் மரிச்சுப் போச்சல்லோ? எழுதியிருக்கே.”

விஜயலக்ஷ்மி மாலையை விடவில்லை. மருமகள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “சாகல. இதோ நிக்கறேன்.”

மாளவிகா படத்தைப் பார்த்தாள். மாமியாரின் மூக்கைப் பார்த்தாள்.

“அப்பா இருந்தப்போ அவருக்காவது தெரியுமா?”

“ஒருத்தருக்கும் தெரியாதுடீ.”

மாளவிகா மொபைலைப் பைக்குள் போட்டாள். எக்கி நின்று மாலையைக் கழற்றி ரெம்யா கையில் கொடுத்தாள். “மந்திரி வரதுக்குள்ள அந்த அட்டையையும் எடுத்துடுங்கோ.”

பிறகு மாமியாரின் காதருகே குனிந்தாள். “மீசை எப்படி இருந்துது? ருசியா?”

“ஒரே பசை நாத்தம்டீ,” என்றாள் விஜயலக்ஷ்மி.